திருப்பித் தட்டியவன்

தண்டோரா வீட்டில் இப்போதெல்லாம் குழாய் சொட்டுவது கேட்கிறது.

முன்பு அந்த வீட்டில் குழாய் சொட்டுகிறதா, மழை பெய்கிறதா, கூரையே இடிந்து விழுகிறதா என்று ஒன்றும் தெரியாது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தகரம் அடித்த கதவு போட்ட ஒரு குளியலறை, அவ்வளவுதான் வீடு. அத்தனை சின்ன இடத்துக்குள் அவ்வளவு பெரிய சத்தம் எப்படி அடங்கியது என்று கேட்டால், அடங்கவில்லை என்பதுதான் பதில். காலையில் மனுஷன் குளிக்கப் போனால் கட்டடத்துக்கே விடிந்துவிடும். முதல் சொம்புத் தண்ணீருக்கு ஒரு ஊளை. அப்புறம் தகரக் கதவில் தாளம். தாளத்துக்கு ஒரு பாட்டு. பாட்டில் வரி மறந்துபோனால் அக்கம்பக்கத்துக்காரர்களை இழுத்துவைத்துத் தானே ஒரு வரி கட்டிவிடுவார். தும்மினால் தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்ப்பான். அவித்த முட்டையை உரிக்கும்போதுகூடப் புதையல் எடுத்தவர் மாதிரி கத்துவார். கீழ்வீட்டம்மா துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பாள். இவர் மேலேயிருந்து குதிகாலால் பதில் கொடுப்பார். பதினோரு வருஷமாக அவர்களுக்குள் அப்படி ஒரு பேச்சுவார்த்தை.

அவருக்குத் தண்டோரா என்று பேர் வைத்தது ஐஸ் கம்பெனிக்காரர்கள். ஆறு வயது மகளுக்கும் அதே தொண்டை வாய்த்திருந்ததால் அவள் சின்ன தண்டோரா. அந்தச் சின்ன தண்டோராதான் இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, பொம்மையிடம்கூட ரகசியக் குரலில்தான் பேசுகிறாள். அவள் அப்பா போய் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது.

மீன் வைக்கும் குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டு விறைத்துப் போனார். கம்பெனியில் விசாரித்தார்கள், வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தும் விசாரித்தார். அன்றைக்கு அந்த அறைப் பக்கம் வேலையில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் இறந்துபோனவர். இன்னொருவன் அவருடைய பெண்டாட்டியின் தம்பி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தண்டோராதான். தம்பி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதில் நிறைய எழுதியிருந்தது. அக்காவின் மனதில் நின்றது ஒரே வரி: 'உள்ளேயிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை.'

அது பொய். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். நாற்பத்து மூன்று நாளாகச் சோறு இறங்காததற்கும், பஸ்ஸில் யாராவது கம்பியைத் தட்டினால் பாதி வழியில் இறங்கி நடந்துவிடுவதற்கும் காரணம் அந்த ஒரு வரிதான்.

ஐஸ் கம்பெனி எப்படிப்பட்ட இடம் என்று சொன்னால்தான் இது புரியும். வாசலிலேயே அமோனியா நெடி மூக்கில் ஏறும். கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது, வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாகத் தகர டின்கள். உறைந்ததும் சங்கிலி போட்டுத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வரும். கொக்கி போட்டு இழுப்பவன் கத்தியாக வேண்டும், இல்லையென்றால் எதிரே நிற்பவனுக்குக் கால் போய்விடும். அதனால் எல்லோரும் கத்துவார்கள். கத்திக் கத்தி அதுவே ஒரு குஷியாகிவிடும். ஊளை, விசில், வசவு, ஒருத்தன் முதுகில் ஒருத்தன் ஐஸ் துண்டைப் போட்டுவிட்டு ஓடுவது. முதல் வாரத்தில் தம்பி வாயைத் திறக்காமல் வேலை செய்ததைப் பார்த்துத் தண்டோரா தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னடா மச்சான், எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிற? குளிர்ல வாய மூடினா தூக்கம் வரும். தூக்கம் வந்தா போச்சு. கத்துடா."

"என்னன்னு கத்தறது?"

"உங்க அக்காகிட்ட சொல்ல முடியாததையெல்லாம் இங்க கத்து. நான் தினமும் அதத்தான் பண்றேன்."

குளிர் அறைக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அடி கனமான கதவு, மூடினால் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் குரல் வெளியே வராது. ஆனால் கதவின் உள்பக்கத் தகரத்தில் ஓங்கித் தட்டினால் வெளியே கேட்கும். உள்ளே போனவன் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் தட்ட வேண்டும். வெளியே இருப்பவன் திருப்பித் தட்ட வேண்டும். நான் நல்லா இருக்கேன், நானும் இங்கேதான் இருக்கேன் என்று அர்த்தம். வெறுமனே தட்டினால் தண்டோராவுக்குப் பிடிக்குமா? அதையும் தாளமாக்கிவிட்டார். உள்ளேயிருந்து, தடக்கு தடக்கு தட. வெளியேயிருந்து, தட் தட். கம்பெனி முழுக்க அதுதான் நடைமுறை. சூப்பர்வைசர்கூட அதைத்தான் தட்டுவார்.

நல்லாயிருக்கேன் என்று சொல்ல ஒரு தட்டு வைத்திருந்தார்கள். காப்பாத்து என்று சொல்ல ஒரு தட்டு வைத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து பாதி அறையில் கிடந்தது. தம்பி மேசையருகில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன தண்டோரா பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, வீட்ல ஆள் இருக்கீங்களா இல்லையா? ஒரு சத்தத்தையும் காணோம்."

"இருக்கோம் பெரியம்மா. வாங்க, உக்காருங்க."

"என்னத்த உக்கார்றது. மத்தியானம் கண்ண மூடினா தூக்கம் வரமாட்டேங்குது. பதினோரு வருஷம் அந்தக் கூத்துக்கு நடுவுல தூங்கிப் பழகிட்டேன். நேத்து நானே கட்டையெடுத்து ரெண்டு இடி இடிச்சுப் பாத்தேன், பதிலுக்கு ஏதாவது வருதான்னு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கிறுக்கச்சின்னு நெனச்சுக்க."

"கேட்டுச்சு பெரியம்மா. எனக்குக் குதிக்கத் தோணல."

கீழ்வீட்டம்மா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போனால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

"நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. தண்ணி பிடிக்கிற எடத்துல ஆளாளுக்குப் பேசறாங்க. அவ்வளவு கத்தற மனுஷன், உள்ள மாட்டிக்கிட்டு ஒரு சத்தம்கூடப் போடலையாமே, அது எப்படின்னு. அவரா போய் உள்ள உக்காந்துட்டாரோன்னு ஒருத்தி சொல்றா. வீட்ல ஏதும் மனஸ்தாபமான்னு இன்னொருத்தி. நான் நல்லா குடுத்தேன் அவளுக்கு. இருந்தாலும் மனசு கேக்கல."

தம்பி டீ டம்ளரைக் கையில் எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகாமல் மறுபடி வைத்தான்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"மனஸ்தாபம் இருந்துச்சு பெரியம்மா."

"என்னம்மா சொல்ற?"

"அன்னிக்குக் காலையில எனக்குத் தலைவலி. மண்டையப் பொளக்குது. இவரு கதவுல தட்டித் தட்டிப் பாடறாரு, பாப்பா வெளியிலேருந்து திருப்பித் தட்டறா, ரெண்டும் சேந்து ஆடுதுங்க. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். ஒரு நாளாவது வாய மூடிக்கிட்டு இருக்கமாட்டீங்களான்னு கத்திட்டேன். நீங்க சத்தம் போடாத நாள்தான் எனக்கு நல்ல நாள்னு சொல்லிட்டேன். இந்த வாயால சொன்னேன்."

"அடிப்பாவி, இதெல்லாம் ஒரு பேச்சா? வீட்டுக்கு வீடு சொல்றதுதான. எங்க வீட்டுக்காரர நான் சொல்லாத சொல்லா?"

"அவரு ஒண்ணும் பேசலையே. சிரிச்சாரு. வாய்மேல வெரல வெச்சுக் காட்டினாரு, இன்னிக்கு முழுக்க மூச்சு விடமாட்டேன்னு. பூனை மாதிரி நடந்து போனாரு. மாடிப்படியில காலடிச் சத்தம்கூடக் கேக்கல." அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு பெரியம்மா. உள்ள மாட்டிக்கிட்டப்போகூட அவரு வாயத் திறக்கல. நான்தான் மூடச் சொன்னேன். நான்தான் கொன்னேன்."

தம்பிக்கு இது புதிது. நாற்பத்து மூன்று நாளாக அக்கா அழுததைப் பார்த்திருக்கிறான். துக்கத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்திருந்தான். தன் பொய் போய் அவள் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. வேலைக்குப் பயந்து, போலீஸுக்குப் பயந்து, எல்லாவற்றையும்விட அவளுடைய முகத்துக்குப் பயந்து எழுதிய வரி அது. இப்போது அவள் அதை எடுத்துத் தன்மேலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தான்.

ஜன்னலோரம் பொம்மை மட்டும் கிடந்தது. பாப்பா எப்போது எழுந்து போனாள் என்று யாரும் பார்க்கவில்லை.

அப்போது குளியலறைக் கதவில் சத்தம் கேட்டது. விரல் நுனியால் தட்டுகிற மாதிரி, பயந்து பயந்து.

தடக்கு தடக்கு தட.

அக்கா நிமிர்ந்தாள். கீழ்வீட்டம்மா வாயில் கை வைத்தாள். தம்பி அசையவில்லை. ஆனால் மேசைமேல் கிடந்த அவனுடைய வலது கை, அவனைக் கேட்காமலேயே எழுந்து பலகையில் இரண்டு தட்டுத் தட்டியது.

தட் தட்.

தட்டிய கையை அவன் பார்த்தான். யாரோ வேறொருவனுடைய கை மாதிரி அது மேசைமேல் இருந்தது. பதில் கிடைத்த சந்தோஷத்தில் உள்ளேயிருந்து இப்போது முழு உள்ளங்கையால், தகரம் அதிர வந்தது. தடக்கு தடக்கு தட! தடக்கு தடக்கு தட!

நாற்காலி பின்னால் விழுந்தது. மூன்றே எட்டில் அவன் கதவண்டை போனான். கூப்பிடவில்லை, தள்ளிப் பார்க்கவில்லை. காலைத் தூக்கி ஓங்கி உதைத்தான். தாழ்ப்பாள் பிய்ந்து தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது. உள்ளே பாப்பா முகத்தில் சோப்பு நுரையோடு, ஒரு கையில் சொம்போடு சுவரோரம் ஒண்டி நின்றாள்.

"சும்மாதான் தட்டினேன் மாமா." பழையபடி ரகசியக் குரலுக்குப் போய்விட்டாள். "இனிமே தட்டமாட்டேன்."

அவன் அங்கேயே ஈரத்தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். பாப்பாவின் கையை எடுத்துப் பார்த்தான், முகத்தைத் தொட்டுப் பார்த்தான், சூடாக இருக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி கழுத்தில் கை வைத்துப் பார்த்தான். பிறகு ஓவென்று அழுதான். அவன் அப்படி அழுது அக்கா பார்த்ததில்லை, பிணத்தை எடுத்த அன்றைக்குக்கூட.

"என்னடா ஆச்சு உனக்கு? அவ விளையாடினாடா. எதுக்குடா கதவ உடைச்ச?"

"மச்சான் தட்டினாருக்கா."

"என்ன?"

"அன்னிக்கு. உள்ளேருந்து தட்டினாரு. எனக்குக் கேட்டுச்சு."

குழாய் சொட்டுவதைத் தவிர வேறு சத்தமில்லை. கீழ்வீட்டம்மா எழுந்து பாப்பாவை இழுத்துத் தன் மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"கேக்கலைன்னு எழுதிக் குடுத்தியே" என்றாள் அக்கா, மெதுவாக.

"பொய்யி. பயந்துட்டேன். மூணு வாட்டி தட்டினாருக்கா. மூணு வாட்டியும் நான் திருப்பித் தட்டினேன். ரெண்டாவது வாட்டி ரொம்ப ஜோரா தட்டினாரு, மூணாவது இன்னும் ஜோரு. இன்னிக்கு மச்சானுக்குக் குஷி ஏறிப்போச்சுன்னு நான் சிரிச்சேன். நானும் ஊளையெல்லாம் விட்டு, கொக்கியால கதவுல தாளம் போட்டேன். உள்பக்கத் தாழ் உறைஞ்சுபோய் மாட்டிக்கிச்சுன்னு எனக்குத் தெரியாதுக்கா. எப்பவும் தட்டற தட்டுதான. எப்பவும் கூத்தடிக்கிற ஆளுதான."

"அப்புறம்?"

"லாரி வந்துடுச்சு. துறைமுகத்துக்குப் பாளம் ஏத்திக்கிட்டுப் போகணும். நான் கிளம்பறப்போ மறுபடியும் தட்டினாரு."

"நாலாவது."

"நாலாவது. அதுல தாளமே இல்லக்கா. சும்மா கண்ணுமண்ணு தெரியாம அடிச்சாரு. நான் கதவுல ஒரு தட்டுத் தட்டி, வரேன் மச்சான், அதுக்குள்ள மேளத்தக் கிழிச்சிடாதன்னு கத்திட்டுப் போயிட்டேன். துறைமுகத்துல படகு வர நாலு மணி நேரம் ஆச்சு. நானும் அவரும் சேந்துதான் லாரில போயிருக்கோம்னு கம்ப்ரசர் ஓட்டற மிஷின்காரர் நெனச்சுட்டாரு."

அக்கா கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறைவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அறைந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் அறையவில்லை.

"தட்டிக் காட்டு" என்றாள்.

"அக்கா, வேணாங்க்கா."

"அவரு எப்படித் தட்டினாரோ அப்படியே தட்டிக் காட்டுடா. மொத வாட்டிலேருந்து."

அவன் உடைந்த கதவில் தட்டினான். முதல் தட்டு சாதாரணம். இரண்டாவது ஓங்கி. மூன்றாவதில் தகரம் குழிந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா தலையை ஆட்டினாள், ஊரிலிருந்து வந்த கடிதத்தை யாரோ வாசித்துக் காட்டக் கேட்பவள் மாதிரி. நாலாவது தட்டுக்கு அவனால் கை தூக்க முடியவில்லை. அவள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். போதும் என்று யாரோ சொல்லும் வரைக்கும் அடித்தான். சொன்னது கீழ்வீட்டம்மா.

கட்டடத்தில் கதவுகள் திறந்தன. என்ன சத்தம், என்ன சத்தம் என்று கீழேயிருந்து கேட்டார்கள்.

அக்கா வெளியே போய் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் எப்போதும் சன்னமாகப் பேசுகிறவள். புருஷனுடைய சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் எப்படியிருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"எங்க வீட்டுக்காரரு சத்தம் போட்டாரு!" என்று கத்தினாள். "கேட்டுக்குங்க எல்லாரும்! வாய மூடிக்கிட்டுச் சாகல அவரு! கதவு உடையறாப்ல தட்டியிருக்காரு! நாலு வாட்டி! கேட்டுச்சா? தண்ணி பிடிக்கிற எடத்துல போய்ச் சொல்லுங்க!"

குரல் மூன்று மாடிக்கும் இறங்கிப் போனது. அவள் கம்பியைப் பிடித்தபடியே குனிந்து அழுதாள். நாற்பத்து மூன்று நாளாக அழுத அழுகை வேறு, இது வேறு. கீழ்வீட்டம்மாவும் அழுதாள். அது வருத்தமா ஆறுதலா என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

அவள் உள்ளே திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்த மாதிரி இருந்தது. தம்பி இன்னும் ஈரத்தரையிலேயே இருந்தான்.

"நாளைக்குப் போய் மாத்தி எழுதிக் குடு."

"குடுக்கறேன்க்கா."

"வேலைய விட்டுத் தூக்குவாங்க."

"தூக்கட்டும்."

"உள்ள வெச்சாலும் வெப்பாங்க."

"தெரியலக்கா. வெச்சா போறேன்."

"போ. நீ என் தம்பி. உன்ன நான் வளத்தேன். உன்ன என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலடா. உன் மூஞ்சியப் பாத்தா அவரு தட்டறதுதான் கேக்கும் இனிமே."

"எனக்கும் அதேதான்க்கா கேக்குது."

அவள் போய் முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கீழ்வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

பாப்பா நடு அறையில் நின்றுகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர்கள் பேசியதில் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அப்பா தட்டினார் என்பது புரிந்திருக்கிறது. அம்மா கத்தினாள் என்பதும் புரிந்திருக்கிறது. மெல்ல நடந்து குளியலறைக்குள் போனாள். தாழ்ப்பாள் இல்லாத கதவை உள்ளேயிருந்து தள்ளிச் சாத்திக்கொண்டாள்.

தடக்கு தடக்கு தட.

தம்பியின் கை எழுந்தது. அதை மறு கையால் பிடித்துக்கொண்டான்.

"திற" என்றாள் அக்கா, அரிசியிலிருந்து தலை நிமிராமல்.

"தாழ்ப்பாள் இல்லையேக்கா. அவளே இழுத்தா திறந்துக்கும்."

"போய்த் திறடா."

அவன் எழுந்து போய்த் திறந்தான். பாப்பா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"திறக்கக் கூடாது மாமா. நீ திருப்பித் தட்டணும். அப்பா அப்படித்தான் விளையாடுவாரு."

"மாமா தட்டமாட்டேன்மா."

"ஏன்?"

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாள். இந்தத் தடவை பலமாகத் தட்டினாள், கூடவே அப்பாவின் பாட்டில் அரைகுறையாக ஒரு வரி. நாற்பத்து மூன்று நாளுக்கப்புறம் அவளுடைய முழுக்குரல் அந்த வீட்டில் கேட்டது. கீழேயிருந்து, துடைப்பக் கட்டையால், இரண்டு இடி.

அக்கா அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"திற" என்றாள்.

போய்த் திறந்தான்.